ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி: ஒரு லேஸ் ஷாலும் போதாமல் போன நூலும்

இது டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், ஒரு குளிர்காலம் முழுக்க நடந்த வேலையின் பதிவு. அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு ஷாலை வடிவமைத்துப் பின்னினார்கள், நான் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு யோசனை சொன்னேன். அந்த யோசனைகளில் ஒன்று தப்பு. அதை மறைக்காமல் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் இருவரிடமும் சம்மதம் வாங்கினேன். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் அம்மா, மகள் என்றே குறிப்பிடுகிறேன். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு சுழலையும் கண்ணி என்று எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தஞ்சாவூர்ப் பக்கம். அக்டோபர் கடைசியில் ஆறு மாத விசாவில் மகளிடம் வந்தார், மார்ச் நடுவில் திரும்ப டிக்கெட். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும், டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே. வீட்டுக்குள் ஹீட்டர் 21 டிகிரியில் ஓடினாலும் அவருக்குத் தோள் குளிர்ந்தது. ஸ்வெட்டர் போட்டால் கை தூக்க முடியவில்லை, புடவைக்கு மேல் சேரவும் இல்லை என்றார். மகள் ஐந்து வருடமாகத் தொப்பி, மஃப்ளர், கையுறை எல்லாம் பின்னுகிறவர். லேஸ், அதாவது துளைகள் வைத்துப் பின்னும் மெல்லிய பின்னல், மட்டும் தொட்டதில்லை. "அம்மாவுக்கு மெல்லிசா ஒரு ஷால், கிளம்புறதுக்குள்ள" என்று அவர் கேட்டு வந்ததுதான் தொடக்கம்.

என்னிடம் கேட்டு வருவதற்கு முன்பே நூலை வாங்கிவிட்டிருந்தார். மெரினோ கம்பளியும் பட்டும் கலந்த மெல்லிய நூல், கையால் சாயம் தோய்த்தது, அரக்கு நிறம், 50 கிராம் சிட்டம் இரண்டு. ஒரு சிட்டத்தில் 400 மீட்டர். ஆக 100 கிராம், 800 மீட்டர். லேஸ் ஷாலுக்கு இது சாதாரணமாகப் போதுகிற அளவுதான். ஆனால் கைச்சாய நூலில் ஒரு சிக்கல் உண்டு, ஒரே பெயரில் ஒரே கடையில் வாங்கினாலும் அடுத்த முறை தோய்த்தது அதே நிறமாக வராது. இது பிற்பாடு முக்கியமானது.

நவம்பர்: முதல் மாதிரித் துண்டு

வடிவம் அம்மாவிடமிருந்து வந்தது. கோல நோட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்திருந்தார். மகளுக்கு அதில் ஒரு சிக்குக் கோலம் பிடித்துப்போய், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் அதை அப்படியே வரைந்து, கோடு போகிற கட்டத்தில் எல்லாம் ஒரு துளை என்று குறித்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தார்.

மூன்று விஷயம் நடந்தது. முதலில், 41 கண்ணியில் ஆரம்பித்த துண்டு பத்துப் பன்னிரண்டு வரிசையில் 57 ஆனது. லேஸில் துளை என்பது நூலை ஊசியின் மேல் ஒரு சுற்று சுற்றுவது, யார்ன் ஓவர் என்பார்கள், ஒவ்வொரு சுற்றும் ஒரு புதிய கண்ணி. அதற்கு ஈடாக எங்காவது இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னியாக வேண்டும். துளையை மட்டும் வரைந்து ஜோடியை வரையாவிட்டால் துணி விசிறி மாதிரி விரியும். இரண்டாவது, கோலத்தின் வளைவுகள் நசுங்கின. அவருடைய கையில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணியும் 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசையும் வந்தன. அதாவது ஒரு கண்ணி சதுரம் இல்லை, அகலம் அதிகம், உயரம் குறைவு. சதுரக் கட்டத்தில் வட்டமாக வரைந்தது துணியில் அமுங்கிய வட்டமாகத்தான் வரும். மூன்றாவது, எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் பட்டது, துளைகளை வைத்துச் சாய்கோடு அழகாகப் போடலாம், வளைந்து சுற்றி வந்து மூடுகிற கோடு போடுவது கஷ்டம். சிக்குக் கோலம் முழுக்க முழுக்க அந்த மாதிரிக் கோடுதான்.

மகள் கணக்கு நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏதாவது ரெடிமேட் டிசைன் பின்னுகிறேன் என்றார். ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளின் அலை வடிவங்கள், எஸ்டோனியாவின் ஹாப்சாலு ஊர் லில்லிப் பூ வடிவம் என்று நானும் சிலவற்றைக் காட்டினேன்.

புள்ளிதான் துளை

திருப்பம் அம்மாவிடமிருந்து. ஹாப்சாலு ஷாலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இதுல கோடே இல்லையேடி, வெறும் புள்ளிதானே வெச்சிருக்கா" என்றார். சரிதான். கோலத்தில் கோட்டைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரம் அலைந்திருந்தோம்.

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இரண்டு வகை தெரியும். நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளிக்கு நேர் கீழே அடுத்த புள்ளி. ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவே, சந்தில், அடுத்த வரிசைப் புள்ளி. "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்றால் நடுவரிசையில் 15, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் நிற்க வேண்டும் என்று எந்தப் பாட்டியும் சொல்வார். லேஸின் வலை அமைப்பு அச்சாக இந்த ஊடுபுள்ளிதான். ஒரு துளையும் அதன் ஜோடியும் சேர்ந்து இரண்டு கண்ணி இடம் பிடிக்கும், அடுத்த வரிசையில் ஒரு கண்ணி தள்ளி வைத்தால் துளை சரியாகச் சந்தில் விழும்.

அப்புறம் கணக்கு. கழுத்தில் ஆரம்பித்துக் கீழே விரியும் முக்கோண ஷால் என்று முடிவு செய்தோம். காரணம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், அளவு முன்கூட்டியே முடிவாக வேண்டியதில்லை. தொடக்கத்தில் 7 கண்ணி, இரண்டு ஓரத்துக்கும் மும்மூன்று, நடுமுதுகுக்கு ஒன்று. இரண்டு வரிசைக்கு ஒருமுறை நான்கு கண்ணி கூடும், நடுக்கோட்டின் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. ஆக 20 வரிசை கொண்ட ஒரு அடுக்குக்கு ஒவ்வொரு பாதியிலும் 20 கண்ணி. வடிவத்தின் அகலம் இந்த 20-ஐ மீதியில்லாமல் வகுத்தால்தான் ஒவ்வொரு அடுக்கிலும் முழு வடிவங்கள் வந்து சேரும்.

அம்மா ஆசைப்பட்ட 15 புள்ளி இதில் அடங்காது. "அப்போ 5 புள்ளி, ஊடுபுள்ளி, 1 வரை" என்றார். போட்டுப் பார்த்தால் 5 புள்ளிக்கு 10 கண்ணி. 1, 2, 3, 4, 5, 4, 3, 2, 1 என்று ஒன்பது புள்ளி வரிசை, மூச்சுவிட ஒரு வெறும் வரிசை, பத்து. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாதாரணத் திரும்பு வரிசை, மொத்தம் 20. இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவே இல்லை. எட்டு அடுக்கு, 160 வரிசை, கடைசியில் 12 வரிசைக் கரை என்று திட்டம் எழுதினோம்.

கரையில் குத்துவிளக்கு வைக்கலாம் என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றோம். கழுத்திலிருந்து கீழே பின்னுகிற ஷாலில் எல்லாமே தலைகீழாகத் தொங்கும், விளக்கு கவிழ்ந்து நிற்கும். புள்ளிக் கட்டத்துக்கு மேல் கீழ் ஒன்றுதான்.

இன்னொரு ஆசை நிறைவேறும் போல இருந்தது. எஸ்டோனியர்கள் ஒரே கண்ணியிலிருந்து ஐந்து, ஏழு சுழல்களை எழுப்பி, திரும்பி வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாக முடித்து ஒரு குட்டி மொட்டு செய்வார்கள், நுப் என்று பெயர். அரிசி மாவில் வைத்த புள்ளி மாதிரியே புடைத்து நிற்கும். மாதிரித் துண்டில் ஒன்று போட்டுக் காட்டியதும் அம்மாவுக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பிடித்தது. நூலும் நேரமும் தின்னும் என்பதால் கடைசி அடுக்கில் மட்டும் வைப்பது என்று முடிவானது.

மாதிரித் துண்டுகளுக்கே 6 கிராம் போயிருந்தது. கையில் 94.

டிசம்பர்: வேலை பழகியது

மகள் வேலை முடிந்து வந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பின்னுவார். அம்மா சார்ட்டை, அதாவது வடிவத்தைக் கட்டம் கட்டமாக வரைந்த தாளை, கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படிப்பார். நல்ல ஏற்பாடு, ஆனால் முதல் அடுக்கிலேயே சாய்வுகள் குழம்பின. பின்னல் சார்ட்டைக் கீழிருந்து மேலே, முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அம்மா தமிழ் படிக்கிற மாதிரி இடமிருந்து படித்தார். புள்ளிகள் இடம் மாறவில்லை, ஆனால் இரண்டைச் சேர்க்கும் தையல் ஒன்று வலப்பக்கம் சாயும், மற்றது இடப்பக்கம் சாயும், அவை இடம் மாறிப்போனதால் கட்டத்தின் ஓரம் அரம் மாதிரி ஆனது. நாலு வரிசை பிரித்தார்கள். அதன்பின் சார்ட்டின் வலது ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அரக்கு நிறம் விளக்கு வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடவில்லை. மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டதும் துளைகள் தெரிந்தன. ஹீட்டர் காற்றில் விரல் நுனி வெடித்துப் பட்டு நூல் மாட்டியது. அம்மா வழக்கப்படி தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார், நூலில் கறை. எண்ணெய் படுக்கப் போகும்போது மட்டும் என்று ஆனது.

இந்த மாதத்தில் அம்மாவிடம் நான் கவனித்த ஒன்று. மார்கழி பிறந்ததும் வாசலில் கோலம் போட முடியவில்லையே என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். வாசற்படியில் பனி. மூன்றாம் நாளிலிருந்து காலையில் காப்பியோடு உட்கார்ந்து, முந்தின இரவு பின்னிய வரிசைகளில் புள்ளி எண்ண ஆரம்பித்தார். மகள் வேலையிலிருந்து வந்ததும் தப்பு எங்கே என்று சொல்வார். எந்த மென்பொருளும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

நான் சொன்ன தப்பான யோசனை

கிறிஸ்துமஸுக்கு முன் 80-வது வரிசை முடிந்தது. திட்டத்தில் பாதி உயரம். தராசில் நிறுத்தபோது 15 கிராம்தான் செலவாகியிருந்தது, 79 கிராம் மீதி. மகள் சந்தோஷமாகக் கேட்டார், பாதி முடிந்துவிட்டது, நூல் நிறைய இருக்கிறது, இன்னும் இரண்டு அடுக்கு சேர்த்துப் பெரிதாகப் போட்டால் என்ன? நான் யோசிக்காமல் தாராளமாகப் போடுங்கள் என்றேன். எட்டு அடுக்கு பத்தாக மாறியது.

பல வருடம் பின்னுகிறவள் நான், மஃப்ளர் கணக்கில் யோசித்துவிட்டேன். மஃப்ளரில் பாதி நீளம் என்றால் பாதி நூல். முக்கோணத்தில் பாதி உயரம் என்றால் கால்வாசி நூல்தான், மீதி முக்கால்வாசி கீழ்ப்பாதிக்கு.

ஜனவரி: பிரித்தது

புத்தாண்டு வாரத்தில் 110-ஐத் தாண்டியபோது ஊசி சோபாவின் இடுக்கில் மாட்டி நாலைந்து கண்ணிகள் கழன்றன. லேஸில் ஒரு கண்ணி இறங்கினால் ஏணி மாதிரி நேராக இறங்காது, துளை வரும் இடத்தில் கிளை பிரிந்து போகும். எடுத்துக் கோக்க இரண்டு இரவு முயற்சி செய்து, கடைசியில் 14 வரிசை பிரித்தார். லைஃப்லைன், அதாவது கண்ணிகள் கழன்றாலும் அதற்குக் கீழே பிரியாமல் பிடித்துக்கொள்ளும் காப்பு நூல், போடச் சொல்லவில்லையே என்று என் மேல் லேசாகக் கோபம், நியாயமான கோபம். அதன்பின் ஒவ்வொரு அடுக்கு முடிவிலும் அம்மா ரவிக்கை தைக்க வைத்திருந்த வெள்ளைப் பருத்தி நூலை மொண்ணை ஊசியில் கோத்து, எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டிவிட்டார்கள். இடம் குறிக்க ஊசியில் மாட்டும் அடையாள வளையங்களுக்குள் ஓட்டக் கூடாது, வளையம் அங்கேயே சிக்கிக்கொள்ளும். இதையும் ஒருமுறை செய்துபார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஜனவரி கடைசியில் 150-வது வரிசை. ஊசியில் 307 கண்ணி. வடிவ வரிசை ஒன்றுக்கு அரை மணி நேரம். பந்து சிறுத்துப்போனது கண்ணுக்கே தெரிந்து தராசில் வைத்தால் 40 கிராம்.

அன்று இரவு மூன்று பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 100-வது வரிசையில் நிறுத்ததை மகள் குறித்து வைத்திருந்தார், 24 கிராம். உயரம் இரண்டு மடங்கானால் நூல் நாலு மடங்கு, ஆக 200 வரிசைக்கு 96. கரைக்கும் முடிப்புக்கும் தனியாக 14 கிராம் வேண்டும். மொத்தம் 110, எங்களிடம் இருந்ததோ 94. நான் காகிதத்தில் முக்கோணம் வரைந்து விளக்க ஆரம்பித்தேன். அம்மா நடுவிலேயே, "தோசையை ரெண்டு மடங்கு அகலமா வார்த்தா மாவு ரெண்டு கரண்டியா ஆகும்? நாலு ஆகும்" என்றார். இதை டிசம்பரில் அவரிடம் கேட்டிருக்கலாம்.

முடிவும் காரணமும்

மூன்று வழி இருந்தது. இன்னொரு சிட்டம் வாங்குவது: கடையில் கேட்டதில் அந்தத் தோய்ப்பு தீர்ந்துவிட்டது, புதியதன் படம் பார்த்தால் செங்கல் நிறத்தை ஒட்டி இருந்தது. கரையை மட்டும் வேறு நிறத்தில் போடுவது: புடவைக் கரை மாதிரி இருக்கும் என்று எனக்குப் பிடித்தது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, ஷால் அவருடையது. மூன்றாவது, ஒன்பது அடுக்கோடு நிறுத்துவது. 180 வரிசைக்கு 78 கிராம், மீதி 16, கரையும் முடிப்பும் 14. இரண்டு கிராம் கையிருப்பு.

மூன்றாவதையே எடுத்தோம். பிரிக்க வேண்டாம், நாள் குறைவு, நிறம் மாறாது. இழப்பும் இருந்தது. நுப் வைப்பதாக இருந்த கடைசி அடுக்கு போயிற்று. அதை ஒன்பதாம் அடுக்குக்கு நகர்த்தலாமா என்று பார்த்தோம், இரண்டு கிராம் கையிருப்பை நம்பி அதில் இறங்க எனக்குத் துணிவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மாதிரித் துண்டை மட்டும் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி: முடிப்பும் விரிப்பும்

பிப்ரவரி மூன்றாம் வாரம் கரை முடிந்தது. ஊசியிலிருந்து கண்ணிகளை இறக்கும்போது வழக்கமான முறையில் நாற்பது கண்ணி முடித்துவிட்டு இழுத்துப் பார்த்தால் ஓரம் கயிறு மாதிரி விறைப்பு. உள்ளே இருக்கும் துணி விரியும், ஓரம் விரியாது, ஷால் குடை போலக் கவிழும். பிரித்து, 5 மி.மீ. ஊசியில், இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னி, வந்த ஒன்றை இடது ஊசிக்கே திருப்பி வைத்து, மறுபடி இரண்டைச் சேர்க்கும் இளகிய முறையில் முடித்தார். மீதி நூல் 2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

அப்போது ஷாலைப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். சுருங்கின மீன்வலை. அகலம் 120 செ.மீ.தான். மகள் முகம் வாடிவிட்டது. விரித்துக் காயவைப்பதுதான், பிளாக்கிங் என்பது, லேஸை லேஸாக்கும். ஷெட்லாந்தில் இதற்கென்றே மரச் சட்டங்கள் வைத்து ஷால்களை இழுத்துக் கட்டிக் காயவைத்தார்கள். எங்களுக்குக் குழந்தைகள் விளையாடும் நுரைப் பாய்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தோம், சாயம் இறங்கியது, மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகே தெளிந்தது. பிழியாமல் துண்டில் சுருட்டி மிதித்து ஈரம் எடுத்து, பாயில் பரப்பி, மேல் ஓரத்தைக் கம்பியில் கோத்து இழுத்து, கரையின் ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத குண்டூசி குத்தினோம். ஹீட்டர் காற்றுக்கு ஒரே இரவில் காய்ந்தது. குண்டூசி எடுப்பதற்கு முன் 172 செ.மீ., எடுத்தபின் கொஞ்சம் உள்ளே வந்து 165. கண்ணி விரிந்து 10 செ.மீ.க்கு 18 ஆனது.

புள்ளிகள் அப்போதுதான் முழுதாகத் தெரிந்தன. ஆறாம் அடுக்கில், நடுக்கோட்டுக்கு இடப்பக்கம், ஒரு புள்ளி இல்லை. காலையில் எண்ணுகிற ஆளும் தவறவிட்ட புள்ளி. அம்மாதான் கண்டுபிடித்தார். பிரிக்க முடியாது, மகள் ஊசியால் பக்கத்து இழைகளை ஒதுக்கி ஒரு பொய்த் துளை உண்டாக்கினார். முதல் துவைப்பில் அது மூடிக்கொண்டதாகக் கேள்வி.

பிறகு

விமானத்தில் போர்த்திக்கொண்டு போனார். கோடை முழுக்கப் பெட்டிக்குள் இருந்தது, வேப்பிலை போட்டு வைத்தேன் என்றார், துவைத்துக் காயவைத்து வைத்தீர்களா என்றுதான் நான் கேட்டேன். வியர்வையும் எண்ணெயும் பட்ட கம்பளியைத்தான் பூச்சி அதிகம் தேடி வரும். அடுத்த மார்கழியில் விடிகாலைக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனார். வளையலில் மாட்டி ஒரு இடத்தில் இழை இழுத்திருக்கிறது, இரண்டு கிராம் மீதி நூல் இங்கே மகளிடம் இருக்கிறது.

மறுபடி செய்வதானால்

முதலில் தராசு. ஒவ்வொரு அடுக்குக்கும் நிறுத்து எழுதி, அடுத்த அடுக்குக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்த பிறகே அளவை மாற்றுவது. கரைக்கான நூலைத் தொடக்கத்திலேயே தனியாகச் சுற்றி எடுத்து வைத்துவிட வேண்டும், அப்போது இந்தக் குழப்பமே வந்திருக்காது. லைஃப்லைன் முதல் அடுக்கிலிருந்தே. மாதிரித் துண்டை நனைத்து விரித்துக் காயவைத்து அளப்பது, நாங்கள் முதல் இரண்டு துண்டுகளை அப்படியே அளந்தோம், 22 கண்ணி என்று நம்பினது கடைசியில் 18. முதல் லேஸுக்கு அரக்கு நிறம் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் நூல் வாங்கிவிட்டு வருகிறவரிடம் அதைச் சொல்ல மனம் வராது.

மாற்றாமல் வைத்துக்கொள்வது ஒன்று, ஒருவர் படிக்க ஒருவர் பின்னும் ஏற்பாடு.

இந்த அக்டோபரில் அம்மா மறுபடி வருகிறார். 7 புள்ளி, ஊடுபுள்ளி, கடைசி இரண்டு அடுக்கில் நுப் என்று ஊரிலிருந்தே வரைந்து போட்டோ அனுப்பிவிட்டார். 7 புள்ளிக்கு 14 கண்ணி, 28 வரிசை, கணக்கு சரியாக வருகிறது. மகள் சாம்பல் நிறத்தில் மூன்று சிட்டம் வாங்கியிருக்கிறார். என் தராசும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.